ஒரு துறைமுகம் பிந்தி

எனக்கு எழுபத்தி நாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கச்சி பெற்றது. ஐந்தும் நல்லபடியாக நிற்கிறது. யாரிடமும் கையேந்தி வளர்க்கவில்லை. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்துக் கூட்டி எழுதுவேன். பேத்தியின் பழைய கொப்பியில் மிச்சம் கிடந்த தாள்களில் பதினோரு நாளாக இதை எழுதுகிறேன். நான் எதையும் ஆற அமரச் செய்கிறவள். ஆனால் இது நாளைக்குள் முடிய வேண்டும்.

நான் கப்பலில் இருந்து பாதியில் இறங்கியது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஹந்தானைத் தோட்டத்தில் வரிசையாக வீடு கட்டின என் லயத்திலும் சொல்வார்கள், கலஹாவில் தங்கச்சி லயத்திலும் சொல்வார்கள். "தங்கச்சிக்காகக் கப்பலையே விட்டுட்டு வந்த மனுசி" என்பார்கள். அவர்கள் சொல்கிற கதையில் ஒரு நாள் குறைகிறது. அந்த நாளைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான், எனக்கு அவள். எங்கள் சனத்தில் ஒரு பொம்பளை செத்தால் பிறந்த வீட்டில் இருந்து புதுச் சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். "நீ முந்திக்கிட்டா நான் கொண்டு வர்றேன், நான் முந்திக்கிட்டா நீ கொண்டு வா" என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேசி வைத்திருந்தோம்.

அவள் புருசன் சின்ன வயதிலேயே போய்விட்டான். மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என்னிடம் விட்டுவிட்டு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஆறு வருசம் இருந்தாள். அந்த ஆறு வருசத்துக்குள் எங்கள் அம்மா செத்துப்போனது. சேதி அனுப்பினோம். அவள் வரவில்லை. பாஸ்போர்ட்டை வீட்டுக்காரம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள் என்று பிறகு வந்து சொன்னாள். நான் அதை நம்பினேன். நம்பிக்கொண்டே, சண்டை வரும்போதெல்லாம், "பெத்த தாய்க்கு வாய்க்கரிசி போட வராதவதானே நீ" என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, முப்பது வருசமாகக் கேட்டேன். மற்ற எதற்கும் அவள் திருப்பிப் பேசுவாள். இதற்கு மட்டும் பேச மாட்டாள். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன வருசம் என் கடைசி மகள் துபாயில் இருந்து லீவு எடுத்து, என்னைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சென்னையில் ஏறி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, அப்புறம் திரும்பச் சென்னை. துணைக்கு மூத்த மகனின் பிள்ளை, கண்டியில் படிக்கிற என் பேத்தி. போவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று கலஹாவுக்குப் போனேன்.

தங்கச்சி மகனுக்கு ஒரே சிரிப்பு. "பெரியம்மா, இலங்கையச் சுத்திப் பாக்க இந்தியாவுக்குப் போயி ஏறப் போறீங்களா?"

தங்கச்சி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளுக்குச் சீனி வருத்தமும் நெஞ்சு வலியும் கொஞ்ச நாளாகவே இருந்தது. "அக்கா, அங்க வெள்ளக் கோட்டு போட்டவன் வந்து சோறு போடுவானாமே?"

"போடுவான். நீ குவைத்துல போட்ட மாதிரி எனக்கு ஒருத்தன் போடுவான்."

அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. "எனக்கும் சேத்து உக்காந்து தின்னுட்டு வா. நான் போயிட்டா மட்டும் கோடியோட வந்துரு."

"தேதியச் சொல்லிட்டுப் போ. கப்பல நிறுத்தச் சொல்றேன்" என்றேன்.

சாகக் கிடக்கிறேன் என்று அவள் என்னை முன்பே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை, தங்கச்சிக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று சேதி வந்து, குளிக்கக் காய வைத்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கண்டி குட்ஷெட்டில் பஸ் பிடித்து, பேராதனையில் மாறி, போய்ப் பார்த்தால், வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "வந்துட்டியாக்கா? கருவாடு வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரு மலை மாதிரி இருந்தது, லயம் லயமாகக் காம்பரா அறைகளை அடுக்கி. சாப்பிடும் இடத்தில் உண்மையாகவே வெள்ளைக் கோட்டுக்காரன் கதிரையை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றான். சுடுதண்ணீரும் நூல் கட்டின தேயிலைப் பையும் கொண்டு வந்து வைத்தான். நாற்பது வருசம் கொழுந்து பறித்த கைக்கு அந்தப் பையைப் பிடித்து ஆட்டவே கூச்சமாக இருந்தது. பக்கத்து மேசையில் சென்னைக்கார அம்மா ஒருத்தி. நான் தேயிலைத் தோட்டம் என்று மகள் சொன்னதும், "உங்களுக்கு எவ்வளவு தோட்டம் இருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு மலை முழுக்க" என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா அதற்குப் பிறகு என்னோடு மரியாதையாகப் பேசினாள். நானும் அதைத் திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை என்பதுதான் சரி.

அம்பாந்தோட்டையில் கப்பலைக் கட்டினார்கள். எங்களை பஸ்ஸில் ஏற்றி ஊர் காட்டினார்கள். கண்டிக் குளிரில் கிடந்த உடம்புக்கு அந்த வெயில் தாங்கவில்லை. தயிரும் அதில் ஊற்றுகிற இனிப்புப் பாணியும் விற்கிற ஒரு கடை வாசலில் நிழலுக்கு ஒதுங்கினோம். மகள் உள்ளே போனாள். பேத்தியின் போன் கடலில் சிக்னல் இல்லாமல் செத்துக் கிடந்தது, அந்த இடத்தில் உயிர் வந்து, விடாமல் சத்தம் போட்டது. அவள் எடுத்துக் கேட்டாள். முகம் மாறியது. போனை என் காதில் வைத்தாள். தங்கச்சி மகன் எப்போதோ பேசிப் பதிந்து அனுப்பியிருந்த குரல்.

"பெரியம்மா, அம்மா நேத்துல இருந்து கஞ்சி கூடக் குடிக்கல. ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்குது. உங்களையே கேட்டுக்கிட்டு இருக்கு. எங்கயாச்சும் இறங்க முடிஞ்சா வாங்க பெரியம்மா."

பேத்தி, "அப்பாயி, இங்கயே இறங்கிருவோமா? அத்தைகிட்ட சொல்லவா?" என்றாள்.

"சும்மா இரு. அவ ரெண்டு தடவ இப்படித்தான் கூப்பிட்டா. நாளைக்குத் திருகோணமலை வருதுல்ல, அங்க பாத்துக்குவோம். அத்தைகிட்ட மூச்சு விடாத."

"அப்பாயி..."

"சொல்லாதன்னா சொல்லாத."

இரண்டு தடவை ஏமாந்ததால் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் அது பாதிதான். மற்றப் பாதி இது. அன்றைக்குச் சாயங்காலம் கப்பலில் எனக்குப் பிறந்தநாள் சாப்பாடு. நான் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. தோட்டத்துக் கிளாக்கர் ஏதோ ஒரு தேதியை எழுதி வைத்ததுதான் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. மகள் அந்தத் தேதியைச் சொல்லி கேக் செய்யச் சொல்லியிருந்தாள். சென்னைக்கார அம்மாவும் எங்கள் மேசைக்கு வருவதாக இருந்தது. என் நீலப் பட்டுச் சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்திருந்தேன். இந்த வயது வரைக்கும் யாரும் எனக்காகக் கை தட்டிப் பாடினதில்லை. எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

நம்ம நாட்டு மண்ணில் நின்றுகொண்டுதான் அந்தச் சேதியைக் கேட்டேன். கேட்டுவிட்டுத் தயிர் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு என் காலாலேயே நடந்து திரும்பக் கப்பலில் ஏறினேன். சாயங்காலம் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்று பாடினார்கள். கேக் நன்றாக இருந்தது. அதையும் எழுதுகிறேன். பேத்தி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று அத்தையிடம் சொன்னாள்.

விடிந்து திருகோணமலைக் கரை தெரிந்ததும் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை பதிந்த குரல் இல்லை, அவனே கூப்பிட்டான். பேசவில்லை, அழுதான். நான் மகளை எழுப்பி இறங்க வேண்டும் என்றேன்.

"அம்மா, நாளை மறுநாள் சென்னை. எல்லாரோடயும் சேந்து இறங்கி, அங்கருந்து பிளேன்ல போயிரலாம். இப்படி நடுவுல இறங்க விடுவாங்களா?"

"விடாட்டி குதிப்பேன்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க! திடீர்னு என்னா?"

நேற்றைக்கே தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே கீழே கப்பல் ஆபீஸ் மேசைக்குக் கூட்டிப்போனாள். துபாய்க்கு அவள் சென்னையில் இருந்துதான் பிளேன் ஏற வேண்டும். அதனால் நானும் பேத்தியும் மட்டும் இறங்குவது என்று முடிவானது. மேசையில் இருந்தவர் ஒரு தாளை நீட்டினார். சொந்த விருப்பத்தில், பயணம் முடிவதற்கு முன்கூட்டியே இறங்குகிறேன் என்று அதில் இங்கிலீசில் போட்டிருந்தது. பேத்தி தமிழில் சொன்னாள். முன்கூட்டியே என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

அவர் மைப்பெட்டியைத் திறந்தார். "எழுதத் தெரியும்" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

சின்னப் படகில் கரைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி மாத்தையா, "கப்பல் வெறுத்துப் போச்சா அம்மே?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். முத்திரை குத்தி முடியப் பத்து மணி தாண்டியது. வேன் ஒன்று பிடித்தோம். தம்புள்ளைக்கு வரும்போது போன் அடித்தது. பேத்தி கேட்டாள், வைத்தாள், என் கையைப் பிடித்தாள்.

"எத்தன மணிக்கு?" என்றேன்.

"பன்னெண்டே கால் இருக்குமாம் அப்பாயி."

மாத்தளையில் ஒரு துணிக்கடை வாசலில் வேனை நிறுத்தச் சொன்னேன். தாலி அறுத்தவளுக்கு வெள்ளை எடுப்பார்கள். நான் மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை கேட்டேன், அவளுக்குப் பச்சை பிடிக்கும். கடைக்காரப் பிள்ளை, "கல்யாணத்துக்காம்மா?" என்றாள். தங்கச்சிக்கு என்றேன். "அவங்க என்னா நெறம்?" "என் நெறந்தான்." அந்தப் பிள்ளை பாவம், சேலையை விரித்து என் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் திருப்பிவிட்டது. கோடியைப் போட்டுக்கொண்டு நான் நின்றேன். பேத்திதான் வெடுக்கென்று இழுத்து எடுத்தாள்.

கலஹாவுக்குப் போய்ச் சேர ஐந்து மணி. லயத்து வாசலில் கொட்டகை போட்டு, வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். தங்கச்சி மகன் ஓடி வந்து என் மேலே விழுந்தான். ஆறு வருசம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினவன்.

"ராத்திரி பூரா உங்களத்தான் கேட்டுச்சு பெரியம்மா. கப்பல் நடுக்கடல்ல நிக்குது, எப்படி இறங்கி வரும்னேன். எனக்குத் தெரியும்டா, பாவம் அக்கா, என்னைய மாதிரியே மாட்டிக்கிச்சுன்னு சொல்லிச்சு."

நான் கோடியை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"உங்களுக்கு எப்ப பெரியம்மா சேதி கெடச்சிச்சு?"

"திருகோணமலையிலதான்யா" என்றேன்.

பேத்தி குனிந்து செருப்பைத் தேடினாள். செருப்பு அவள் காலில்தான் இருந்தது.

மறுநாள் கோடி போர்த்தினேன். வாய்க்கரிசி போட்டேன். தோட்டத்துத் தலைவர் நாலு வார்த்தை பேசும்போது, உடன்பிறப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும், கப்பலையே விட்டு வந்தார் என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை குனியவில்லை. குனிந்திருக்கலாம்.

அவளால் வர முடியாமல் இருந்தது. அதை நான் முப்பது வருசம் சொல்லிக் காட்டினேன். என்னால் வர முடிந்தது. என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஒரு சாயங்காலமும் ஒரு விடியலும் அவள் பக்கத்தில் நான் இருந்திருக்கலாம். கடைசித் துறைமுகத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன் என்று ஊர் சொல்கிறது. எனக்குத் தெரியும், நான் பிந்தித்தான் இறங்கினேன்.

மூன்று தடவை தங்கச்சி மகனிடம் வாயால் சொல்லப் போனேன். கருமாதிக்கு, பொங்கலுக்கு, அப்புறம் ஒரு நாள் இதற்கென்றே பஸ் ஏறிப் போனேன். போகும்போதெல்லாம் அவன் கதிரையைத் துடைத்துப் போட்டு, "எங்கம்மாவுக்காகக் கப்பல்ல இருந்து எறங்கி வந்தவங்க" என்று யாருக்காவது என்னைக் காட்டுவான். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அதனால்தான் எழுதினேன். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று என் பொய்யை ஒரு வருசம் சுமந்தது, அதற்காகவும் எழுதினேன்.

நாளைக்கு அவளுக்கு வருசத் திதி. காலையில் அவன் ஓட்டோ கொண்டு வருவான். அங்கே போய்ப் படையல் போடுவதற்கு முன்னால் பேத்தி இதை அவன் முன்னால் வாசிக்க வேண்டும். அவன் எழுந்து போனால் போகட்டும். வளர்த்தவள் என்று பார்க்க வேண்டாம்.

இந்தா புள்ள, லைட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரு. என் எழுத்து எனக்கே வாசிக்க முடியவில்லை. முதல் வரியில் இருந்து எனக்கு ஒருக்கா வாசித்துக் காட்டு. அம்பாந்தோட்டை வரும்போது சத்தத்தைக் குறைக்காதே.