ஜன்னலோரக் கட்டில்

பேய், பிசாசு, கண்ணேறு, செய்வினை, இதில் எதையும் நான் நம்பினதே கிடையாது. அமாவாசை வந்தால் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் பூசணிக்காய் உடைபடும். நான் அதில் வழுக்கி விழாமல் தாண்டிப்போய் பஸ் பிடிக்கிற ஆள். தொழில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். காலையிலிருந்து ராத்திரி வரை ஜனங்களிடம் சாவைப் பற்றிப் பேசியே பிழைக்கிறவள், பயந்தாங்கொள்ளியாக இருந்தால் இதில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியுமா? அதனால் இதைக் கேட்டுவிட்டு தேவகிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

திருவொற்றியூரில் நானும் ஜெயந்தியும் ஒரே தெரு, ஒரே கம்பெனி. அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பாலிசி பிடித்த ஏஜென்ட்களைக் கம்பெனி பாலித் தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் கிளையில் தேறியது நாங்கள் இரண்டு பேர்தான். ரூமுக்கு இரண்டு பேர் என்பதால் எங்களுக்கு ஒரே ரூம்.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. குழம்பைக் கிளறியபடி பாலி வீடியோ, துணியை அலசியபடி பாலி வீடியோ. உபுத் என்கிற ஊரில் மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிற நெல்வயல், கடலுக்குள் பாறைமேல் நிற்கிற தனா லோட் கோயில், குரங்குகள் ஆட்சி பண்ணுகிற காடு, பள்ளத்தாக்குக்கு மேலே ஆடுகிற ஊஞ்சல், எல்லாம் எனக்கு மனப்பாடம். தங்கப்போகிற ரிசார்ட்டையும் விடவில்லை. தனித்தனியாக ஓலைக்கூரைக் குடில்கள், வயலைப் பார்த்த பால்கனி, தண்ணீர் எங்கே முடிகிறது பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத நீச்சல்குளம். எங்கள் பக்கத்தில் கடல் இருக்கிறது, ஆனால் மணல் இல்லை, கல்லைத்தான் கொட்டிவைத்திருக்கிறார்கள். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஐந்து நாளாவது இந்த மூக்குக்கு நல்ல காற்றைக் காட்டலாம் என்று இருந்தேன்.

ஜெயந்தியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

"இதோ பாரு, ஜன்னலாண்ட கீற கட்டிலு எனக்கு. அங்க வந்து சண்டை போடக் கூடாது."

"நீயே எடுத்துக்கோக்கா. எனக்கு எந்தக் கட்டிலா இருந்தா இன்னா" என்றாள். அவள் வீட்டில் மாமியார், கொழுந்தன் குடும்பம், குழந்தைகள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கிறவர்கள்.

என் கிரகம், எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய நம்பர் ஒன்று, புதிய நம்பர் ஒன்று. என் வீட்டுப் புது நம்பர் பன்னிரண்டு. ஜெயந்தி வீட்டுப் பழைய நம்பரும் பன்னிரண்டு. என் கேஸ் சிலிண்டர் அவள் வீட்டுக்குப் போகும், அவள் கரண்ட் பில் என் வீட்டுக்கு வரும். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரரும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறார். தேவகி இருக்கிறாரா என்று கேட்டதற்கு, அப்படி யாரும் இங்க இல்ல என்று பதில் வந்திருக்கிறது. அவரும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்து, ஓடி, அலைந்து, மறுபடி மனு கொடுப்பதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

யாரடி அப்படிச் சொன்னது என்று கேட்டேன். "எங்க மாமியாவாத்தான் இருக்கும்கா, அதுக்குக் காது மந்தம்" என்றாள். காது மந்தமாம்! நாலு வீடு தள்ளிப் புருஷன் பெண்டாட்டி குசுகுசுவென்று பேசினால்கூட அந்தம்மாவுக்குக் கேட்கும்.

அவள் போனாள், நான் இங்கே கிடந்தேன். போன் நிறைய அவள் அனுப்பிய போட்டோக்கள். ஊஞ்சலில் ஜெயந்தி, வயல் வரப்பில் ஜெயந்தி, இளநீரும் கையுமாக ஜெயந்தி. தனா லோட் கோயிலை முழுசாக மறைத்துக்கொண்டு ஜெயந்தி. பொழுது சாயும்போது போனால்தான் அந்தக் கோயில் அழகு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். ஒவ்வொரு போட்டோவுக்கும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுக்குப் பேதி பிடுங்கிக்கொள்ளட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன், பொய் சொல்ல விரும்பவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார், பொறுமைசாலி. அவரே "அந்தப் போனக் கடாசிட்டு சோத்தப் போடு, பேஜாரா கீது" என்று கத்திவிட்டார்.

ஆனால் ரூம் போட்டோ ஒன்று வந்தது பாருங்கள். இரண்டு கட்டில். இரண்டிலும் துவாலையை மடித்து அன்னப்பறவை செய்து உட்காரவைத்திருந்தார்கள். ஜெயந்தியின் பை சுவரோரக் கட்டிலில் கிடந்தது. ஜன்னலோரக் கட்டிலை அவள் தொடவில்லை. நான் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கட்டில், என் ஜன்னல், என் வயல். மற்ற போட்டோவெல்லாம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பேய்க் கதைக்கு வேண்டிய ராத்திரிகூட இல்லை. தரையில் மல்லாந்து படுத்து அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை, அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன், தெருவில் தண்ணி லாரி வந்து குடத்துக்கு நடந்த சண்டை ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. நம்பினால் நம்புங்கள், திடீரென்று என் முதுகுக்குக் கீழே தரை இல்லை. மெத்தை. சில்லென்ற விரிப்பு. தவளைச் சத்தம், ஈர வயல் வாசனை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான், அதற்குள் போன் அடித்தது. மறுபடி தரை. வீடியோவில் ஜெயந்தி, அவளுக்குப் பின்னால் இருட்டு. அங்கே நமக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும்.

"யக்கா, எங்க கீற நீ?"

"வூட்லதான் கீறேன். இன்னாடி?"

"மெய்யாலுமே வூட்லயா? சுவத்தக் காட்டு."

சுவரையும் காலண்டரையும் காட்டினேன். அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"வெளிய போய்ட்டு வந்து ரிசப்ஷன்ல சாவி கேட்டேன்கா. உங்க கூடத் தங்கறவங்க வாங்கிகினு போய்ட்டாங்க, ரூம்லதான் இருக்காங்கன்றாங்க. நான் தனியாத்தானே தங்கிகினு கீறேன்! ஆளு எப்படின்னு கேட்டா பச்சை நைட்டியாம், தோள்ல துண்டாம்."

நான் குனிந்து என்னைப் பார்த்தேன். பச்சை நைட்டி. தோளில் துண்டு.

எனக்கு முதலில் வந்தது பயம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. என் ரூமுக்குள் எவளோ எனக்கு முன்னால் போய்விட்டாளே என்கிற ஆத்திரம். "போய்க் கதவத் தட்டுடி, எவள்னு பாக்கலாம்" என்றேன். அவள் போனைப் பிடித்தபடி நடந்தாள். செடிகளுக்கு நடுவில் கல்பாதை, சின்னச் சின்ன விளக்குகள், அப்புறம் அந்தக் குடில். கதவு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. தட்டினாள்.

"யாரு உள்ள?"

மறுபடி தட்டினாள்.

"தேவகிக்கா... நீயா கீற உள்ள?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு குரல், என் குரல், அவசரமே இல்லாமல் சொன்னது.

"அப்படி யாரும் இங்க இல்ல."

நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயந்தி திரையில் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவளுக்கும் அது தெரியும். அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"மன்னிச்சுடுக்கா. அன்னிக்கு போலீஸ்காரராண்ட இதே மாரி சொன்னது நாந்தான். மாமியா இல்ல, நாந்தான்கா. பொறந்ததுலேர்ந்து ஒரு ரூம்ல ஒண்டியாப் படுத்ததே இல்ல. ஒரே ஒரு தபா படுத்துப் பாக்கணும்னு இருந்துச்சு."

சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்த பிறகும் எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவள் அழுவதே காதில் ஏறவில்லை. அந்தக் கதவு இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிசார்ட் ஆட்கள் வந்து வேறு சாவி போட்டுத் திறந்தார்கள். ஒருவரும் இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஆள் படுத்து எழுந்த பள்ளம். அன்னப்பறவை பிரிக்கப்பட்டு, துவாலை ஈரமாக நாற்காலியில் தொங்கியது. ஜெயந்தி மிச்ச நாட்களை வேறு கிளையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ரூமில் கழித்தாள், தனியாகப் படுக்கிற ஆசையும் அத்தோடு போயிற்று.

அவள் ஊர் திரும்பி வந்து என் காலைப் பிடித்தாள். எழுந்திருடி என்றேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கே விளங்கவில்லை. எதிர்வீட்டில் கார் வாங்கினார்கள், எனக்கு ஒன்றும் எரியவில்லை. என் நாத்தனார் கழுத்தில் புது ஆரம், நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னேன். "இன்னாமே, திருந்திட்டியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். திருந்தவெல்லாம் இல்லை. எனக்குள் எரிந்துகொண்டிருந்தது என்னோடு இல்லை, எங்கேயோ பால்கனியில் காலை நீட்டி வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சப் பொறாமையும் அங்கே இருக்கிற அந்தத் தேவகிமேல்தான். நான் போட்டுவைத்த திட்டப்படி போய், நான் கேட்ட கட்டிலில் படுத்தாளே, அவள்மேல்.

மறுபடி கொடுத்த மனுவுக்கு வேறு போலீஸ்காரர் வந்தார். இந்தத் தடவை ஜெயந்தியே அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டைக் காட்டினாள். பக்கத்தில் இருக்கிறவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். போலீஸ்காரர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜெயந்தி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவங்கதானே தேவகி? நல்லாத் தெரியும்ல?"

ஜெயந்தி என் பச்சை நைட்டியிலிருந்து முகம்வரை மெதுவாகப் பார்த்தாள். போலீஸ்காரர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"இங்க கீறவங்க இவங்கதான் சார்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார், அவள் கையெழுத்துப் போட்டாள். பாஸ்போர்ட் வந்து பீரோவில்தான் கிடக்கிறது.