கங்காணியின் சமாதானம்

யாராவது மேடையேறி 'சமாதானம்' என்று வாயெடுத்தால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தச் சொல் என்ன பாவம் செய்தது? அதை எங்கள் கங்காணியின் வாயில் கேட்டுவிட்டேன், அதுதான்.

மலாக்காவில் லூபோக் சீனா பக்கம் ரப்பர்த் தோட்டம். விடியுமுன் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரையில் பால்வெட்டு என்று சொல்பவர் கங்காணி. ஞாயிற்றுக்கிழமையானால் அதே ஆள் எங்கள் அத்தாப்பு ஓலைக் கூரை ஜெபக்கூடத்தில் சபை மூப்பர். நாங்களேதான் கைதூக்கி அவரை மூப்பராக்கினோம். நிரை கொடுக்கிறவர் மூப்பராக இருந்தால் வேதக்காரர்களான எங்களுக்கு மேட்டு நிரை வராது என்று நினைப்பு. மேட்டு நிரை என்றால் பால் வாளியோடு சறுக்கிச் சறுக்கி இறங்க வேண்டும். கடைசியில் என்ன ஆயிற்று? திங்கட்கிழமை மேட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஆட்களை மேய்க்கும் தண்டல் வேலை அவர் தம்பிக்கு. ஒருநாள் அவன் நிறைமாதக்காரி ஒருத்தியை மேட்டுக்குப் போகச் சொன்னான். என் அக்கா, புருஷனை இழந்தவள், யாருக்கும் பயப்படாதவள். "வயித்துப் புள்ளக்காரிய மேட்டுக்கு அனுப்புறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பெரட்டில் அத்தனை பேர் பார்க்க அவள் இடது காதோடு சேர்த்து அறைந்தான். ரத்தம் வந்தது. அதன்பின் அந்தக் காது கேட்கவேயில்லை. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடித்தது தப்பு என்று எல்லார் முன்னாலும் அவன் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மலாக்கா டவுனிலிருந்து போதகர் திருவிருந்து கொடுக்க வரும்போது, பகை உள்ளவர்கள் அவர் முன்னால் கைகோர்த்துச் சமாதானம் சொன்ன பிறகுதான் அப்பமும் திராட்சை ரசமும். நல்ல வழக்கம்தான். போதகர் வருவதற்கு முந்தின சாயங்காலம் கங்காணி எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்று அக்காவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நாளைக்கு நீயே மொதல்ல கைய நீட்டிரு. மன்னிக்கிறதுதானே நம்ம வேதம்?"

"அடிச்சது தப்புன்னு அவரு சொல்லட்டும் அண்ணே. அந்த நிமிஷமே மன்னிச்சுர்றேன்."

"அதெல்லாம் கிளறினா சமாதானம் கெட்டுப் போயிரும்லா."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜென்மம்! நீதி இருக்கிற இடத்தில்தான் சமாதானம் விளையும் என்று தீர்க்கதரிசி சொன்னதை இதே மனிதர் ஒரு ஞாயிறு உருகி உருகிப் பேசியிருக்கிறார். தூ!

மறுநாள் கங்காணியே அக்காவையும் தன் தம்பியையும் முன்னால் இழுத்துக்கொண்டுபோய், அவள் கையை எடுத்து அவன் கையில் வைத்தார். போதகர் அவளுடைய இடப்பக்கம் நின்றிருந்தார்.

"சமாதானம்தானே அம்மா?"

அக்கா அசையாமல் நின்றாள். போதகர் மறுபடியும் கேட்டார்.

"வெக்கப்படுது ஐயா. சமாதானம்தான்," என்று கங்காணியே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஐயா, எதாச்சும் கேட்டீங்களா? இந்தப் பக்கம் வந்து கேளுங்க. அந்தக் காத, என் கையப் புடிச்சிருக்கிற இவருதான் அடிச்சு செவிடாக்கிட்டாரு."

போதகர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை நியாயம் சொல்ல வேண்டிய நேரத்தில் போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பாட்டைப் பாடச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சாப்பாடு கங்காணி வீட்டில். கோழி அடித்திருந்தார்கள்.

அக்கா கையை உதறிக்கொண்டு வெளியே நடந்தாள். நிறைமாதக்காரி வயிற்றைப் பிடித்தபடி எழுந்தாள். அப்புறம் நான். அப்புறம் பெண்கள் பக்கம் பாயே காலியானது. விடிந்தால் எல்லாருக்கும் மேட்டு நிரைதான் என்று தெரிந்தேதான் எழுந்தோம்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, அப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சமாதானமான முகங்களை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.