ஊதுபத்திக்காரி

எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட்டுக்காரி சில நாள் பூச்சூடி இருந்தாள்.

சண்டைக் காலம் அது. அத்தையைக் கட்டிய மாமா பட்டாளத்துக்குப் போனவர்தான், ஒரு தகவலும் இல்லை. அத்தை எம்.ரெட்டியபட்டிக்கு எங்களோடு இருக்க வந்துவிட்டாள். அம்மாவும் ஐயாவும் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டால், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட எனக்கு அவள் ஒருத்திதான் துணை. அதிகம் பேசமாட்டாள். ஆனாலும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். என்றைக்காவது போய்விடுவாளோ என்று பயம்.

ஒருநாள் அத்தையோடு அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போனேன். சிகரெட் கம்பெனிக்காரன் மாட்டுவண்டியில் பாட்டுப்பெட்டி வைத்துக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆண்களுக்கு ஆளுக்கொரு சிகரெட் சும்மா கொடுத்தான். பெண்களுக்குப் படம். பட்டுச்சேலைக்காரி ஒருத்தி கழுத்து நிறைய நகையோடு பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். விரலிடுக்கில் வெள்ளைக் குச்சி. கோட்டுப் போட்ட ஒருவன், எரியும் தீக்குச்சியோடு குனிந்து, அவள் முகத்தையே பார்க்கிறான். அத்தை அதை மடிக்காமல், கசங்காமல், வழியெல்லாம் நெஞ்சோடு பிடித்து வந்தாள்.

"மகராசி, சாமிக்கு ஊதுபத்தி பொருத்துறா பாரு" என்றாள் அம்மா. அத்தனை நகை போட்டவள் வேறு எதைப் பொருத்துவாள்? எனக்குச் சந்தேகம்தான், ஆனால் அம்மா சொன்னால் ஊதுபத்தியாகத்தான் இருக்கும். சோற்றுப் பசையால் ஒட்டி, பொட்டு வைத்து, பூவும் வைத்தாயிற்று.

பருத்தி வண்டியோடு வெளியூர் போயிருந்த ஐயா திரும்பி வந்தார். திருநீறு எடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"அது ஊதுபத்தி இல்ல, சிகரெட்டு. அந்தப் பொம்பள குடிக்கிறதுக்கு நீங்க பூ வச்சுக் கும்பிட்டீகளாக்கும்."

அம்மா, கன்னத்தில் அதக்கியிருந்த புகையிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, பொம்பளைக்கு இந்தப் புகையிலைப் புத்தி எதற்கு என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஐயா சிரிக்கவில்லை. இந்த மோகமெல்லாம் பிடித்தால் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று அத்தையிடம் சொன்னார்.

"எனக்கு அந்தக் குச்சி வேண்டாண்ணே. படம் மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

ஐயா பிடித்து இழுத்தார். பாதிதான் வந்தது. பட்டுச்சேலையும் பிரம்பு நாற்காலியும் அடுப்புக்குள் போயின. மீதி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தபோது சுவரில் ஈரம் மட்டும் இருந்தது.

அதன்பிறகு எனக்கு நிம்மதி இல்லை. அத்தை ரகசியமாகச் சிகரெட் குடிக்கிறாளோ, ஐயாவுக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவாரோ? அவள் அயர்ந்திருக்கும்போது வாயை மோந்து பார்ப்பேன். கம்மங்கூழ் வாடைதான் வரும். அதுவும் போதாமல், ஒரு மத்தியானம் அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து அவள் தகரப்பெட்டியைத் திறந்தேன்.

சேலை மடிப்புக்குள் படத்தின் மீதித் துண்டு இருந்தது. கோட்டுக்காரன் மட்டும், தீக்குச்சியோடு, எதிரே யாரும் இல்லாத இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்ணும் இல்லை, சிகரெட்டும் இல்லை. மடிப்பு கலையாமல் வைத்துப் பெட்டியை மூடினேன். அத்தைக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.