பழக்கமில்லைங்க

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரே ஒருவர்தான் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன் வந்த நான்கு பேரும் குடித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். அந்த நால்வரில் ஒருவர் முகமும் எனக்கு நினைவில் இல்லை. குடிக்காதவர் முகம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அத்தை அப்பாவின் தங்கை. கணபதியில் எங்களோடுதான் இருந்தாள். காந்திபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை. வயது இருபத்தொன்பது. தெருவில் அவள் வயதைக் கேட்கிறவர்கள் கேட்டுவிட்டு ஒரு உச்சுக் கொட்டுவார்கள். அத்தைக்கு ஏதோ உடம்புக் கோளாறு என்றே நான் நினைத்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

நாங்கள் கிறிஸ்தவர்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்துகொண்டிருந்தபோது தாத்தா வேதத்தில் சேர்ந்தார். தோப்புக்காரர் வீட்டு வாசலைத் தாண்டாத சனம் நாங்கள். டீக்கடையில் எங்களுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த காலம் அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கோயமுத்தூர் வந்து, ஒரு பட்டறையில் லேத் ஓட்டக் கற்று, வாடகைக்கு ஓட்டுவீடு பிடித்த பிறகு தனி டம்ளர் இல்லை. ஆனால் சபையிலிருந்து யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வழியிலேயே காப்பி குடித்துவிட்டு வருகிறவர்களாக இருந்தார்கள். "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வாரேன்" என்பார்கள். வேதாகமத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசிப்பார்கள், ஜெபம் பண்ணுவார்கள், எழுந்து போவார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் ஒரு நாளைக்கு இத்தனை காப்பி குடிக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். போதகர் ஒருவர்தான் கேட்டு வாங்கிக் குடிப்பார். நல்ல மனுசர், அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் சபைக் கமிட்டிக்கு அப்பாவின் பெயர் வந்திருந்தது. எங்கள் சனத்திலிருந்து ஒரு பெயர் வருவது அதுதான் முதல் தடவை. அப்பா இதை யாரிடமும் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் இந்த வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா விதவை, நகரத்தின் மறுகோடியில் எங்களுடையதைப் போன்ற ஒரு சபையில் அங்கத்தினர். எங்களைவிட ஒரு படி மேல் என்று ஊர் சொல்லும் சனம். "கர்த்தருக்குள்ள சாதி ஏதுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இதை அப்பா பலபேர் வாயால் கேட்டவர். சொன்னவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டில் காப்பி குடித்ததில்லை. இருந்தாலும் பையன் வெட்கிரைண்டர் கம்பெனியில் சூப்பர்வைசர், குடி, சிகரெட் எதுவும் கிடையாது என்றதும் வரச் சொல்லிவிட்டார்.

அம்மாவும் பிள்ளையுமாக இரண்டு பேர் மட்டும் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார்கள். பஜ்ஜி இன்னும் எண்ணெயில் கிடந்ததால் காப்பி முந்திக்கொண்டது. அத்தை தட்டோடு வந்து குனிந்தாள். "எனக்குச் சர்க்கரைங்க, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு" என்றார் அந்த அம்மா. அத்தை மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். அவர் ஒரு நிமிஷம் டம்ளரையே பார்த்தார். "எனக்கும் வேண்டாமுங்க. பழக்கமில்லைங்க" என்றார்.

கோயமுத்தூரில் காப்பி பழக்கமில்லாத ஆம்பிளை யார்? அப்படியென்றால் பழக்கமில்லாதது காப்பி இல்லை, எங்கள் வீடு. அப்பாவின் காதில் அது அப்படித்தான் விழுந்தது. அத்தை காதிலும் அப்படியே விழுந்திருக்க வேண்டும். தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பஜ்ஜித் தட்டோடு வந்த அம்மாவை அப்பா கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். பிறகு வெயிலைப் பற்றியும் சிறுவாணித் தண்ணீரைப் பற்றியும் பேசினார்கள். பேச்சு அதற்குமேல் நகரவில்லை.

அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வெளிக்குழாய்ப் பக்கம் நின்றார். நான் போய் நேராகவே கேட்டுவிட்டேன்.

"எங்க ஊட்டுக் காப்பிய ஏனுங்க குடிக்கலை?"

அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்தார். "அம்மா சபை வேற, நான் போற சபையில காப்பி, டீ ரெண்டுமே குடிக்கறதில்ல கண்ணு. யாரு ஊட்டுலயும் குடிக்கமாட்டோம். இன்னைக்கு சபைப் பேச்சே எடுக்கவேண்டாம்னு அம்மா கேட்டுக்கிட்டாங்க. அதான் ஒண்ணுஞ் சொல்லாம இருந்துபோட்டேன்."

"எந்த சபைங்க?"

"மார்மன்னு சொல்லுவாங்க. ஒரு சொம்பு தண்ணி குடுக்கறயா?"

கொடுத்தேன். வாய் வைத்தே குடித்தார். நாங்கள்கூட அடுத்தவர் வீட்டில் அண்ணாந்துதான் குடிப்போம். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

"நீங்க சொன்னத எங்கப்பாகிட்டச் சொல்லட்டுங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "சொல்லு கண்ணு. பொய்யில்லையே" என்றார்.

அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் அப்பா சிரித்த முகமாக வாசலில் நின்றார். உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, "கிறிஸ்தவனாம், கிறிஸ்தவன்" என்றார். அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். அடுப்படியில் அத்தை அந்த இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள். நான் அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா நம்பவில்லை. "யாரு ஊட்டுலயுமா குடிக்கமாட்டாங்க?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு, "தண்ணி குடிச்சாரா?" என்றார்.

"ரெண்டு சொம்பு. வாய் வெச்சு."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். "பாவம், அந்த மனுசனப் போய் என்னமோன்னு நெனச்சுப்போட்டமே" என்றார். ஆறிப்போன பஜ்ஜியை எல்லோரும் உட்கார்ந்து தின்றோம். அன்று சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னியதை அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னினாள். அவள் பாடிக்கொண்டே பின்னியது அன்றைக்குத்தான். நான் பெரிய காரியம் செய்துவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அப்பா போதகரிடம் சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார். மார்மன் என்பது பெந்தெகொஸ்தே மாதிரி இன்னொரு சபை, பெயர்தான் புதிது என்று அவர் நினைத்திருந்தார். போதகர் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார், காப்பியைக் குடித்தார், பிறகு ஆரம்பித்தார்.

"அவங்களும் ஏசுவைத்தான் சொல்றாங்க, இல்லைங்கல. ஆனா நமக்குப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே தேவன். அவங்களுக்கு மூணு பேரும் தனித்தனிங்க. வேதாகமத்தோட சேத்து இன்னொரு புஸ்தகமும் வெச்சிருக்காங்க. அவங்க ஞானஸ்நானம் நம்ம சபையில செல்லாதுங்க."

"ஏசப்பா பேரச் சொல்லித்தானுங்களே தண்ணியில முழுக்கறாங்க?" என்றார் அப்பா.

"பேரு அதேதானுங்க. ஆளு அதே ஆளான்னுதான் கேள்வி."

எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். டீச்சர் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவார். அதனால் ஏசப்பாவுக்கு இனிஷியல் என்ன என்று கேட்டேன். போதகர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

டவுனில் வெள்ளைச் சட்டையும் டையுமாகச் சைக்கிளில் போகிற இரண்டு வெள்ளைக்காரப் பையன்களைப் பற்றியும் போதகர் சொன்னார். அந்தச் சபையின் ஊழியக்காரர்கள் அவர்கள்தானாம். இருபது வயதுகூட இருக்காது, ஆனால் மூப்பர் என்று பட்டமாம். "மீச மொளைக்கறதுக்கு முந்தியே மூப்பருங்களா?" என்று அம்மா கேட்டாள். நிலைமை கொஞ்சம் இளகியது, ஆனால் விஷயம் இளகவில்லை. பையன் எங்கள் சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்தால் தானே நின்று கல்யாணத்தை நடத்திவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போதகர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "கமிட்டிக்குப் பேரு வந்திருக்கற நேரமுங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார்.

மார்மன்கள் கிறிஸ்தவர்களா இல்லையா என்று படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் ஞாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது என்னவோ விசித்திரம். எங்களைக் கீழாக நினைத்துக் காப்பியை மறுத்தவர் என்று நாங்கள் நம்பியவரைக்கும் அவர் கிறிஸ்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அப்படி நினைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கிறிஸ்தவர் இல்லை என்று ஆனது.

அப்பா ஆள் அனுப்பி மாப்பிள்ளையை வரவழைத்தார். இந்தத் தடவை தனியாக வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். மிச்சம் வைக்காமல் குடித்தார். அப்பா போதகர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"ஒருக்கா எடுத்தாச்சுங்க" என்றார் அவர். "மறுபடியும் எடுத்தா, மொத எடுத்தது பொய்ன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

"நீங்க கிறிஸ்தவரே இல்லைங்கறாங்க, தம்பி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெனமும் அவரு பேரச் சொல்லித்தானுங்க எந்திரிக்கறேன். இல்லைன்னு அடுத்தவங்க சொன்னா நோவுதுங்க."

அந்த நோவு அப்பாவுக்குத் தெரியாதது இல்லை. தாத்தாவைப் பால்பவுடர் கிறிஸ்தவன் என்பார்கள், பஞ்ச காலத்தில் சபையில் கொடுத்த பால்பவுடருக்காகச் சேர்ந்தவர் என்று அர்த்தம். அப்பாவைப் பார்த்துமே சாடையாகச் சொன்னவர்கள் உண்டு, சபைக்குள்ளேயே.

அப்போது அடுப்படி நிலைப்படியிலிருந்து அத்தை பேசினாள். "அவரு பொய் சொல்லலீங்கண்ணா. அன்னைக்கு அந்தக் காப்பியக் குடிச்சுப்போட்டுப் போயிருந்தா நமக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. குடிக்கலீங்களே."

பெண் பார்க்க வந்தவர் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பெண் இவ்வளவு பேசியதில்லை. அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பொய்ன்னு நான் சொல்லலையே அம்மணி" என்றார் அப்பா. அவர் குரல் இறங்கியிருந்தது. எனக்கு அது சம்மதம் மாதிரித்தான் கேட்டது.

இரண்டு நாள் கழித்து, ஒத்துவராது என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அப்பா சொல்லி அனுப்பினார். அத்தை கேட்டுக்கொண்டாள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

அடுத்த மாதம் அப்பா கமிட்டிக்குத் தேர்வானார். அந்த வாரம் சனிக்கிழமை ஸ்தோத்திர ஜெபத்துக்காகக் கமிட்டிக்காரர்கள் பதினோரு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் நான்கு வாங்கிவந்தோம். அத்தைதான் காப்பி போட்டாள், அத்தைதான் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு ஒருவரும் வழியில் குடித்துவிட்டு வரவில்லை. பதினோரு பேரும் எடுத்தார்கள், பதினோரு பேரும் குடித்தார்கள். ஒரு பெரியவர் இன்னும் அரை டம்ளர் கேட்டார். ஒவ்வொரு டம்ளரும் வாய்க்குப் போவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இதற்காக அப்பாவைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வருவதில்லை. சொல்லாமல் இருக்கவும் முடிவதில்லை.

மறுநாள் காலையில் அத்தை காப்பி வேண்டாம் என்றாள். விடிந்ததும் ஒரு டம்ளர் உள்ளே போகாமல் கண்ணே திறக்காதவள். என்னவென்று அம்மா கேட்டதற்கு, "நெஞ்சு எரியுதுங்கண்ணி" என்றாள். அடுத்த நாளும் வேண்டாம் என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஊற்றிய காப்பி வீணாகப் போகிறதே என்று அம்மா என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். சின்னப் பிள்ளைக்குக் காப்பி கூடாது என்று அதுவரை எனக்கு வெறும் பால்தான். நான் சந்தோஷமாகக் குடித்தேன். அத்தையின் நெஞ்செரிச்சல் சீக்கிரம் குணமாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஜெபத்திலும் ஏசப்பாவிடம் மறக்காமல் கேட்டுக்கொண்டேன்.