நண்பன் ஊரில் ஒரு ஹோட்டல் அறை

பினாங்குக்குக் கிளம்பும் முன் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். ஜார்ஜ் டவுனில் ஹோட்டல் அறை எடுத்தேன். நண்பனுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். சென்னையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர் 'ஹோட்டலில் தங்கிக்கொள்கிறேன்' என்றால், நானும் மனைவியும் வாயளவில் கோபித்துக்கொண்டு உள்ளுக்குள் பாயசம் வைப்போம். எல்லாரும் எங்களைப் போலத்தான் என்று நினைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் அவனும் நானும் ஒரே அறையில் கிடந்தவர்கள். சோப்பு கூட ஒன்றுதான். சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். தோட்டத்து வீடு, வேலை போனால் வீடும் போகும். இப்போது ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பத்து காவான் என்ற ஊரில் சொந்தமாக ஒரு அடுக்குமாடி வீடு வாங்கியதிலிருந்து போனில் அந்த ஊர் 'லா' போட்டு ஒரே பல்லவி: "நீ வந்து தங்கணும் லா. ஒனக்குன்னு ஒரு ரூம்பு வச்சிருக்கேன்." பேச்சுக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் பேச்சுக்குத்தான் சொல்வோம்.

விமான நிலையத்தில் காடியோடு வந்து நின்றான். அங்கே காருக்கு அதுதான் பெயர். "ஹோட்டல் போட்டுட்டேன், உனக்கு எதுக்கு சிரமம்" என்றேன், பெருந்தன்மையோடு.

"அப்படியா" என்றான்.

அவ்வளவுதான். அந்த 'அப்படியா' எனக்கு உறைக்கவில்லை. எதை முதலில் பார்ப்பது என்ற கவலையில் இருந்தேன்.

சுவரோவியங்களைப் பார்த்தோம். சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் படத்தருகே வெயிலில் வரிசையில் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போஸ் கொடுத்தேன். படத்தில் வயிறு வெளியேதான் இருக்கிறது. மத்தியானம் நாசி கண்டார் சோற்றுக் கடையில், எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றில் ஊற்ற வந்த கடைக்காரரைத் தடுத்து, தனித்தனிக் கிண்ணம் கேட்டேன். "கலந்தாத்தான் ருசி அண்ணே" என்றார் அவர், பரிதாபமாகப் பார்த்து. நண்பன் தட்டில் கை வைத்துக்கொண்டே, "வூட்ல இன்னைக்கு மீன் கறி" என்றான்.

"பேஷ்" என்றேன் நான். வேறு ஒரு மனிதனாக இருந்தால் அப்போதே விளங்கியிருக்கும்.

சாயங்காலம் மலை ரயிலில் ஏறி உச்சிக்குப் போனோம். கீழே ஊரும் கடலும் விரிந்து கிடந்தன. கைப்பிடிக் கம்பிக்கு மேல் எக்கி நின்று காட்டினான். "அந்தா, ரெண்டாவது பாலம் தெரியுதா? அது போய் முடியற எடத்துலதான் நம்ம வீடு."

போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். "ஒரே புகைமூட்டமா இருக்கே" என்று சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் புகை விலகியது. மறுபடியும் காட்டினான். நான் சென்னைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் காட்டவில்லை.

ஹோட்டல் வாசலில் என் பெட்டியை இறக்கும்போது கூடவே ஒரு பிளாஸ்டிக் பையையும் கொடுத்தான். "துண்டு, செருப்பு. ஒன் ரூம்புக்குன்னு வர்ற வழியில வாங்குனது. இங்க குடுப்பாங்களான்னு தெரியல, வச்சுக்க."

மேலே போய்க் கட்டிலில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். புதுத் துண்டு. செருப்பு என் காலுக்குச் சரியாக இருந்தது. சிங்கப்பூரில் அவசரத்துக்கு என் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியவன், அளவை மறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பேச்சுக்குச் சொல்கிறவன் செருப்பு வாங்கி வைக்கமாட்டான் என்பது கூடத் தெரியாமலா எனக்கு இவ்வளவு வயதாயிற்று?

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நல்லவேளை, அவன் இன்னும் போகவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரூம்ல கரப்பான் பூச்சி" என்றேன். அந்த அறையில் ஓர் எறும்பு கூட இல்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பெருசா?"

"ரொம்பப் பெருசு."

"ஏறு" என்றான்.

பாலம் முழுக்க அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். வீட்டில் அவன் மனைவி கதவைத் திறந்து, "வாங்கண்ணே, சோறு சூடா இருக்கு" என்றார். எனக்கும் சேர்த்தே ஆக்கியிருந்தார். நான் வரமாட்டேன் என்று அவரிடம் அவன் சொல்லவே இல்லையாம்.

சாப்பிட்டதும் அறையைக் காட்டினான். மடிப்புக் கலையாத விரிப்பு, கதவில் சட்டை மாட்ட ஒரு கொக்கி. ஜன்னல் திரையை விலக்கியபோது, நாள் முழுக்க நான் சுற்றிய தீவு கடலுக்கு அப்பால் விளக்குகளோடு தெரிந்தது. ஒரு புகைமூட்டமும் இல்லை.

வெளியே போனவன் திரும்பி வந்து கதவருகே நின்றான். "இங்கயும் கரப்பான் இருக்கு லா. இப்பவே சொல்லிட்டேன்."

காலையில் குளியலறையில் நிஜமாகவே ஒன்று இருந்தது. புதுச் செருப்போடு அதைச் சுற்றிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.