பாசி வளர்த்த மோகனராஜ் அண்ணன்

எங்கள் லேப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுப்போம். பிறகு அவர்கள் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு மனிதர் என்னதான் செய்வார்? கையில் தின்று மீந்த பணிஸ் ரொட்டி, எதிரே மீன்தொட்டி. கண்டி வாவிக் கரையில் பொரி வாங்கி மீனுக்குப் போட்டே பழகிய ஊர் இது. சிங்களவர் 'பின்' என்பார்கள், இந்துக்கள் புண்ணியம் என்பார்கள், நாங்கள் சதக்கா என்போம். எந்தப் பெயரில் போட்டாலும் தண்ணீருக்குள் விழுவது பணிஸ்தான்.

நான் பஸ்லினா. கட்டுகஸ்தோட்டை வீதியில் இருக்கும் இந்த லேப்பின் முன்மேசையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்து நம்பர் கூப்பிடுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று உம்மா முதல் முதலாளியம்மா வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல, மோகனராஜ் அண்ணனைப் பற்றி.

மோகனராஜ் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு மஹய்யாவில். லேப்பில் தரை துடைப்பார், குப்பை அள்ளுவார், இரத்தப் போத்தல்களைப் பெட்டியில் வைத்துப் பெரிய லேப்புக்குக் கொண்டு போவார். நான்கு வருடத்துக்கு முன்னர் எங்கள் முதலாளி டொக்டர் ஹபீலா முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பவளம், கோமாளி மீன் ஒரு சோடி, காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் என்னென்னவோ. பராமரிக்க வந்த கொழும்பு ஆள் மூன்றாம் மாதம் வராமல் விட்டார். வாளி யார் கையில் இருந்ததோ அவர் தலையில் தொட்டி விழுந்தது.

மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். ஃபோனில் வீடியோ பார்த்தே எல்லாவற்றையும் படித்தார். லேப் பாவனைக்குச் சுத்திகரிக்கும் தண்ணீரில் உப்புக் கலந்து கடல் செய்தார். சிறுநீரின் அடர்த்தி பார்க்கும் கருவியால் அந்தக் கடலின் உப்பை அளந்தார். கழுவிவிட்டுத்தான் அளப்பேன் என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். அதற்கு முன்னர் பதினெட்டு வருடம் அந்த அறையில் அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைத் தவிர. தொட்டி வந்த பிறகு கோட் போட்ட கனவான்கள்கூட அவரைக் கூப்பிட்டு, இந்த மீனுக்கு என்ன பெயர், இது கல்லா உயிரா என்று கேட்டார்கள். அவர் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுப் பதில் சொல்வார். அந்த நேரம் அவருடைய முதுகு நிமிர்ந்திருக்கும். நானும் அதற்கு முன்னர் அவரை ஒழுங்காகக் கூப்பிட்டவள் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பாசி போன வருடம் வந்தது. முதலில் ஒரு கல்லில் மீசை அரும்பிய மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் பவளம், கல், குழாய் எல்லாவற்றிலும் பச்சை முடி தொங்கியது. கோமாளி மீன்கள் அதற்குள்ளிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன.

டொக்டர் ஹபீலா தொட்டித் தண்ணீரை எங்கள் மெஷினிலேயே போட்டுப் பார்த்தார். ரிப்போர்ட்டை நான்தான் அடித்தேன். பெயர்: தொட்டி. வயது: மூன்று. பொஸ்பேட்: மிக அதிகம். நாங்கள் ஊற்றுகிற தண்ணீரில் குற்றமில்லை, எல்லாம் பணிஸால் வந்த வினை. மீன் தின்னாத தூள் அடியில் கிடந்து அழுகி, பாசிக்கு உரமாகியிருந்தது. மோகனராஜ் அண்ணன் அந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மொழியில் பலகை வைத்தார். அதை முதலில் படித்தவர் இரத்தினம்மா அக்கா. கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருப்பவர், கிழமைக்கொருமுறை சீனி பார்க்க வருபவர். படித்துவிட்டு ஒரு துண்டு பணிஸைப் பிய்த்து உள்ளே போட்டார்.

"அக்கா, போர்டப் பாக்கலையா? உணவு போடாதீங்கன்னு எழுதியிருக்கேன்ல."

"ஏந்தம்பி, இத்தினூண்டு பணிஸ். இதெல்லாம் ஒரு உணவா?"

"அதுவும் மீன் பணிஸ்! மீனுக்கே மீனப் போடுறீங்களே!"

"உள்ள இருந்த மீன எடுத்துத் தின்னுட்டுத்தானப்பா போட்டேன். எனக்குப் பாவ புண்ணியம் தெரியாதா?"

மூடிக்குப் பூட்டுப் போட்டார். குழாய் போகிற சந்தால் பிஸ்கட் நுழைந்தது. மூன்று நாள் வெளிச்சமில்லாமல் வைத்தால் பாசி சாகும் என்று தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினார். அதை எக்ஸ்ரே அறை என்று நினைத்து ஒருவர் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றார். பிறகு அண்ணன் பல் பிரஷ்ஷால் கல் கல்லாகத் தேய்த்தார். அடுத்த கிழமை முடி இன்னும் அடர்த்தியாக வளர்ந்திருந்தது.

டொக்டர் ஹபீலா ஒருநாள் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"மோகனராஜ், இது தொட்டியா, மாட்டுக்குப் புல்லு வளக்கிற எடமா? மாசம் முடிய முந்தி சுத்தமாகணும். இல்லாட்டி யாருக்காவது குடுத்துட்டு இந்த எடத்துல நாலு கதிரை போடுவன். ஆக்கள் நின்டுகொண்டு ஈக்கிறாங்க."

"சரிங்க டொக்டர்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கு டொக்டர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சம்பளம் தருகிறவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? அடுத்து வந்த நோயாளியைத் திட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மோகனராஜ் அண்ணன் லீவு போட்டுவிட்டு நீர்கொழும்புக்குப் போனார். அங்கே கடல் மீன்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஒருவரிடம் கெஞ்சி, கடல் முயல் ஒன்று வாங்கினார். முயல் என்று பெயரே தவிர, அது ஓடில்லாத நத்தை. கையளவு உடம்பு, தலையில் காது மாதிரி இரண்டு கொம்பு, நிறம் பழைய தேயிலைச் சாயம். பாசியைத் தவிர வேறொன்றையும் தின்னாது. அதைப் பைக்குள் தண்ணீரோடு போட்டு, எங்கள் இரத்தப் பெட்டிக்குள் வைத்து, கண்டி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பெட்டியில் சிவப்பு எழுத்தில் 'அவசரம்' என்று இருக்கும். உள்ளே என்ன என்று கொண்டக்டர் கேட்க, உயிருள்ள சாமான், ஆடக்கூடாது என்று இவர் சொல்ல, பஸ்ஸே எழுந்து நின்று இடம் கொடுத்திருக்கிறது. சாரதி வழியில் தேத்தண்ணிக்குக்கூட நிறுத்தவில்லையாம். ஒரு பெண் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்.

கடல் முயலைத் தொட்டியில் விட்டதும் அது ஒரு கல்லில் ஏறி வாயை வைத்தது. பிறகு வாயை எடுக்கவேயில்லை. பின்னேரம் அது போன வழியெல்லாம் கல் மொட்டையாக இருந்தது. அதன் சாப்பாட்டைப் பார்த்து நான்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். எங்கள் மூத்த மச்சான் கல்யாணத்துக்கு அடுத்த நாள் சாப்பிட்ட அதே வேகம். மாப்பிள்ளையைத் தண்ணீர் மோட்டார் இழுத்துவிடும் என்று மோகனராஜ் அண்ணன் மோட்டாரின் வாய்க்குப் பஞ்சு கட்டினார். காலையில் வந்தவுடன் முதல் வேலை மாப்பிள்ளை எங்கே என்று தேடுவதுதான்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது தொட்டி பளிச்சென்று நின்றது. டொக்டர் ஹபீலா மாஷா அல்லாஹ் என்று சொல்லி, படம் எடுத்துத் தன்னோடு படித்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். நான்கு கதிரைப் பேச்சு நின்றுபோனது. அண்ணன் எங்கள் எல்லோருக்கும் உளுந்து வடை வாங்கி வந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டு கிழமை கழித்து அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், மாப்பிள்ள எளச்சுட்டான்."

போய்ப் பார்த்தேன். கையளவு இருந்தது பாதியாகியிருந்தது. கண்ணாடியில் ஏறுவதும் ஒன்றுமில்லாத கல்லைத் தடவுவதுமாக இருந்தது. தொட்டியில் ஒரு நூல் பாசி இல்லை. எல்லாவற்றையும் அதுவே தின்று முடித்துவிட்டது. இப்போது அதற்குச் சாப்பாடு இல்லை.

வல்லாரை போட்டார். பொன்னாங்காணி, கங்குன் கீரை, முருங்கை இலை போட்டார். கடையில் காய்ந்த கடற்பாசித் தாள் தேடி வாங்கிப் போட்டார். மாப்பிள்ளை எல்லாவற்றிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீர்கொழும்புக்காரருக்கு ஃபோன் எடுத்தோம். மாப்பிள்ளையைத் திருப்பி எடுக்க மாட்டாராம். வேலை முடிந்தால் அது செத்துவிடும், செத்தவுடன் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தொட்டி நாறும் என்றார். அண்ணன் ஃபோனை வைத்துவிட்டு, வாடிய வல்லாரையைத் தொட்டியிலிருந்து எடுத்தார்.

"தொட்டியில கொஞ்சம் பணிஸப் போடுங்களே, பாசி தானா வரும்" என்றேன் நான்.

"பவளம் போயிரும் மிஸ். டொக்டர் தொட்டிய எடுத்துருவாங்க. ஆனா இவன இப்படியே விடவும் முடியாது. நம்ம வீட்ட கூட்டிப் பெருக்கிக் குடுத்தவன்."

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் விசர் பிடித்த வேலை. மொட்டைமாடியில் ஆறு பேசின் வைத்தார். தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்புத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு கல் போட்டு வெயிலில் வைத்தார். மழைத் தண்ணீர் விழாமல் மேலே பிளாஸ்டிக் தாள். ஆனால் பாசி வர உரம் வேண்டுமே. நேரே முன்னறைக்கு வந்து, இரண்டு மணித்தியாலத்துக்காகக் காத்திருந்த இரத்தினம்மா அக்காவிடம் பணிவாகக் கேட்டார்.

"அக்கா, பணிஸ் இருக்குங்களா?"

அக்கா பையைப் பின்னால் மறைத்தார். "இன்னைக்கு நான் ஒன்னும் போடலப்பா!"

"போடத்தாங்க கூப்புடுறேன். மேல வாங்க."

மேலே போய் பேசினைப் பார்த்த அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதுல மீனே இல்லையே. கல்லுக்கா போடச் சொல்ற?"

"கல்லுல பாசி வரும். பாசிய அவன் தின்பான். புண்ணியம் சுத்தி வந்து சேரும்க்கா. ஒரு சிட்டிக போதும், கூடுனா நாறும்."

அக்கா சிட்டிகை போட்டார். நான்காம் நாள் வந்து தன் கல் எப்படி என்று விசாரித்தார். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். யாருடைய கல் எது என்று சண்டை வரக்கூடாதென்று, அண்ணன் இரத்தப் போத்தலுக்கு ஒட்டும் ஸ்டிக்கரில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டினார். நான்தான் ஸ்டிக்கர் கொடுத்தேன். முதல் பச்சைக் கல்லைக் கீழே கொண்டுவந்து வைத்தபோது மாப்பிள்ளை அதை அரை நாளில் வழித்துவிட்டார். அண்ணன் தொட்டியின் முன்னால் குந்தியிருந்து, பிள்ளை சோறு தின்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஒரு மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரு புதன்கிழமை டொக்டர் ஹபீலா முன்னறைக்கு வந்தபோது பதினொன்று முதல் பதினாறு வரை நம்பர் வைத்திருந்த ஒருவரும் கதிரையில் இல்லை. இரத்தம் எடுக்கிற நேரம் தவறிக்கொண்டிருந்தது.

"பஸ்லினா, ஆக்கள் எங்க?"

எனக்குப் பொய் சொல்ல வராது. மேலே கையைக் காட்டினேன். அவர் ஏறினார், நானும் பின்னால் ஓடினேன்.

மாடியில் ஆறு நோயாளிகள் ஆறு பேசினைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். எல்லோர் கையிலும் பணிஸ். நடுவில் மோகனராஜ் அண்ணன். டொக்டர் ஸ்டிக்கரைக் குனிந்து படித்தார். இரத்தினம்மா, பதினோராம் திகதி. அவருடைய காது சிவந்துவிட்டது.

"பாசிய ஒழிக்கச் சென்னன். என்ட கூரையில பாசி வளக்கிறீங்க, என்ட ஸ்டிக்கர ஒட்டி!"

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். முழுவதையும், ஒன்றையும் மறைக்காமல். டொக்டர் கேட்டுவிட்டு, கோபம் குறையாமலே சொன்னார். "அந்தப் பிராணி ஒரு வருஷத்துக்கு மேல உசிரோட ஈக்காது. நான் வாசிச்சீக்கிறன். தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியுங்க டொக்டர். இப்பவே எட்டு ஒம்பது மாசம் இருக்கும்."

"பொறகு என்னத்துக்கு இவ்வளவு பாடு?"

"சாகப்போவுதுன்னு பட்டினி போட முடியுங்களா?"

ஆறு சீனி வருத்தக்காரர்களும் பணிஸை வாயருகே பிடித்தபடி நின்றார்கள். அந்த ஆறு பேருடைய ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுகிறவர் டொக்டர் ஹபீலா. இரத்தினம்மா அக்காவின் சீனி எண்கள் எப்படி ஏறிக்கொண்டிருந்தன என்று அவருக்கும் தெரியும், அதை அடிக்கிற எனக்கும் தெரியும். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தேன்.

டொக்டர் குனிந்து அக்காவின் பேசினுக்குள் விரலை விட்டுக் கல்லைத் திருப்பினார்.

"இதுக்கு வெயில் காணாது. அந்தப் பக்கம் தள்ளி வைங்க" என்றார். இறங்குகிறபோது என்னைப் பார்த்து, "நாளையில இருந்து நம்பர இங்கயும் வந்து கூப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். என் முழங்காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளை பச்சைக் கல்லின் மேலேயே அசையாமல் கிடந்தார். மோகனராஜ் அண்ணன் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பழையபடி கையளவு இருந்தது. வயிறு உப்பியிருந்தது.

"பாருங்க மிஸ்" என்றார், "சாப்புட்டுட்டுத்தான் போயிருக்கான்."

மாடியில் பதினெட்டாம் நம்பர் காத்திருந்தார், கூப்பிட வேண்டும், எனக்குக் குரல் வரவில்லை. அண்ணன் படியடியில் போய் நின்று, எனக்காக அவரே கூப்பிட்டார்.