நீல நூல் தையல்

1950களில் எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை வந்துவிட்டது. அதன்மேல் போட ஒரு நல்ல விரிப்பு மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் கணவர், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவரையும் அவர் மனைவியையும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெங்களூர் அல்சூரில் எங்கள் பக்கமெல்லாம் துணி வெளுத்த சலவைக்காரரிடம் கெஞ்சி, யார் வீட்டுடையதோ ஒரு வெள்ளை விரிப்பை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். நடுவில் ஒரு கிழிசலை நீல நூலால் தைத்திருந்தார்கள். அதன்மேல் ரோஜாப்பூச் சாடியை வைத்து மறைத்தேன். மேசை துரை வீட்டு மேசைபோல இருந்தது.

வந்த பெண் உட்கார்ந்ததும் நேராகப் பூச்சாடியைத் தூக்கினாள். தையலை விரலால் தடவிவிட்டு, சாடியை அதே இடத்தில் வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு என்ன பரிமாறினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

ரசம் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

“விரிப்பு எங்களுதுங்க,” என்றாள் மெதுவாக. “தெச்சது நான்தான்.”

கையில் எடுத்த ரசப் பாத்திரத்தைத் திரும்ப மேடையில் வைத்தேன்.

தன் மொடமொடத்த புடவை முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். “பயப்படாதீங்க. இதுவும் அந்தச் சலவைக்காரர்கிட்ட இரவல் வாங்கினதுதான். யாரோடதுன்னு நான் கேக்கவே இல்ல.”

போன உயிர் திரும்பி வந்தது. வெளியிலிருந்து கணவர், “ரசம் என்ன ஆச்சு?” என்று கத்தினார். கத்தட்டும் என்று இருவரும் சிரித்துக்கொண்டே நின்றோம்.